இரு வலைகளின் வரலாறு

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் ஊர். அதன் அயலிலுள்ள பரந்தனில், 1950களில் நிறுவப்பட்ட அரச இரசாயனத் தொழிற்சாலை, உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்தது. போர் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. கட்டடம் அழிந்தபின் அங்குப் பயின்ற தொழிலறிவு யாதாயிற்று? இவ்வினாவுக்கு இரசாயன வரலாற்றின் பிறிதோர் அத்தியாயம் ஒளி தருகின்றது.

தொமஸ் எடிசனின் இரசாயனவியலாளரான ஜோனாஸ் எயில்ஸ்வேர்த், இசைத்தட்டுகளுக்குப் பீனோல்-போமல்டிகைட்டுப் பிசினைப் பயன்படுத்தினார். அது வன்மையுடையது, எனினும் எளிதில் நொறுங்குவது. அக்குறையை நீக்க இயற்கை இறப்பரையும் கந்தகத்தையும் அதனுடன் சேர்த்து, 1914இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் இறப்பர்ச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ஒரு வலையாக்க, பிசின் மற்றொரு வலையாயிற்று. ஒன்றின் கண்ணூடே மற்றொன்று ஊடுருவி நிற்கும் இரு மீன்வலைகளை ஒப்ப, இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைப்புறாதவை. ஆயினும் இழை அறாமல் பிரிக்கவொண்ணாதவை. எனவே ஒன்றின் வன்மையும் மற்றொன்றின் நெகிழ்வும் ஒருங்கே நிலைக்கின்றன.

இவ்விளக்கம் எயில்ஸ்வேர்த்துக்குக் கிட்டியதன்று. அவர் 1916இல் மறைந்தார். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பற்றிய கொள்கையை ஹேர்மன் ஸ்டௌடிங்கர் வெளியிட்டது 1920இலேயே ஆகும். குறுக்கே பிணைந்த பொலிஸ்ரைரீன் வலையொன்றினுள் மற்றொன்றை உருவாக்கிய ஜோன் மில்லர், 1960இல் 'ஊடுருவும் பல்பகுதிய வலையமைப்பு' என்னும் பெயரை வழங்கினார். அத்தசாப்த இறுதியில் ஸ்பெர்லிங், பிரிஷ் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் இதனைத் தனியொரு துறையாக வளர்த்தன. 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்தில் கொங் குழுவினர், விறைப்பான ஒரு வலையையும் நெகிழ்வான ஒரு வலையையும் இணைத்து, பெரும்பங்கு நீராலாகியும் எளிதிற் கிழியாத கூழ்ப்பொருளை ஆக்கினர்.

ஆகவே, செய்கை முந்தியது, கொள்கை பிந்தியது, பெயர் அதனினும் பிந்தியது. பெயரின்றிக் கிடந்த நாற்பத்தாறு ஆண்டுகளிலும் எயில்ஸ்வேர்த்தின் அறிவு அழியாதிருந்தமைக்குக் காரணம், அது காப்புரிமை ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தமையே. எழுதப்படாதிருப்பின், மில்லருக்கு முன் ஒருவர் இருந்தார் என்பதை வரலாறு அறிந்திராது.

இறப்பர் இலங்கைக்குப் புதியதன்று. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்ட கன்றுகளிலிருந்து அது இங்குப் பெருந்தொழிலாயிற்று. மூலப்பொருளை வழங்கிய நாடு, அதனை ஆளும் கைகளின் அனுபவத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். பரந்தனில் உப்புநீரையும் மின்னையும் கையாண்டோர் கற்றவை, அவர்தம் நினைவுகளோடு மறைந்துவிடலாகாது. தொழிற்சாலையை மீளக் கட்டலாம். எழுதப்படாத அறிவை மீட்டல் அரிது.