கவிதையும் றொக் இசையும்: எஸ்தோனியாவின் 'ரூயா' குழு, 1971–1988

வரலாற்றாசிரியர் பொதுவாகப் பொருட்படுத்தாத மூலங்களுள் இசைத்தட்டும் ஒன்று. அரச ஆணைகளையும் கட்சித் தீர்மானங்களையும் குடிசன மதிப்பு அறிக்கைகளையும் கொண்டு சோவியத் கால எஸ்தோனியாவின் வரலாற்றை எழுதிவிடலாம், எழுதியும் உள்ளனர். ஆயின், அந்நாட்டின் இளந்தலைமுறை தனிமையில் எதை முணுமுணுத்தது, எதன் பொருட்டுத் தெருவுக்கு வந்தது என்னும் வினாக்களுக்கு அம்மூலங்கள் தரும் விடை மிகக் குறைவு. 1971ஆம் ஆண்டு தாலின் நகரிலே தோன்றி 1988இற் கலைந்த 'ரூயா' என்னும் றொக் இசைக்குழுவை ஈண்டு ஆராயப் புகுவதற்கு இதுவே காரணம்.

பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1918இற் சுதந்திரப் பிரகடனஞ் செய்த எஸ்தோனியா, 1940இற் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1941 முதல் 1944 வரை அங்கு ஜெர்மானிய ஆட்சி நிலவியது. அதன் பின் மீண்டுஞ் சோவியத் ஆட்சி. 1949 மார்ச் மாதத்திற் சில நாட்களுக்குள்ளேயே இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கைத்தொழில் விரிவாக்கத்துடன் பிற குடியரசுகளிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். 1934ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பேர் எஸ்தோனியர். 1989இல் அது 61.5 ஆகக் குறைந்தது. பத்து இலட்சத்துக்குச் சற்றுக் கூடியோரே பேசும் ஒரு மொழியின் எதிர்காலம் குறித்து அம்மொழி பேசுவோர் கொண்ட அச்சம் வெறுங் கற்பனையன்று என்பதற்கு இவ்விரு எண்களே போதிய சான்று.

பாட்டு அம்மக்களிடையே அரசினும் மூத்த நிறுவனம். 1869இல் தார்த்து நகரிலே முதலாவது பாடல் விழா நடைபெற்றது. அதனை ஒழுங்கு செய்தவர் பத்திரிகையாளர் யான்சன். எஸ்தோனிய மொழியில் ஆக்கப்பட்ட சொந்தப் பாடல்களாக அவ்விழாவிற் பாடப்பட்டவை இரண்டே. இரண்டும் அவருடைய மகள் எழுதிய கவிதைகள். லிடியா கொய்டுலா (1843–1886) என்ற புனைபெயரால் அறியப்படும் அப்பெண் கவிஞரின் அக்கவிதைகளுள் ஒன்றுக்கு, குஸ்தாவ் ஏர்னெசாக்ஸ் 1944இற் புதிய மெட்டொன்று அமைத்தார். அது 1947ஆம் ஆண்டு விழாவிற் பாடப்பட்டது. அதன் பின் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1960இல் நிரலில் இல்லாதிருந்தும் மக்கள் தாமாகவே பாடினர். ஒரு கவிதை எவ்விதம் ஒரு நாட்டின் அறிவிக்கப்படாத கீதமாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

றொக் இசை எஸ்தோனியாவுக்கு வான்வழி வந்தது. தாலின் நகருக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையேயுள்ள கடல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பின்லாந்தின் தொலைக்காட்சி வட எஸ்தோனிய வீடுகளுட் புகுவதை எந்த எல்லைக் காவலனும் தடுக்க இயலவில்லை. பின்னிய மொழி எஸ்தோனியத்தின் நெருங்கிய உறவு மொழியாதலின், அதை விளங்கிக்கொள்வதும் அத்துணைக் கடினமன்று. இரவு நேரங்களில் லக்ஸம்பேர்க் வானொலி கேட்டது. இவ்வகையிற் சோவியத் ஒன்றியத்தின் ஏனைய பகுதி இளைஞருக்கு வாய்க்காத ஒரு சாளரம் எஸ்தோனிய இளைஞருக்கு வாய்த்திருந்தது.

சாளரம் திறந்திருந்தாலும் மேடை திறந்திருக்கவில்லை. 'றொக்' என்ற சொல்லையே அதிகாரிகள் தவிர்த்தனர். 'குரலிசை – கருவியிசைக் குழு' என்பதே உத்தியோகபூர்வமான பெயர். குழுவொன்று பொதுமேடையிற் பாடவேண்டுமாயின் அதன் பாடல்கள் முன்கூட்டியே பரிசீலிக்கப்படல் வேண்டும். இசைத்தட்டு வெளியிடும் உரிமை நாடு முழுவதிலும் 'மெலோதியா' என்ற ஒரேயொரு அரச நிறுவனத்துக்கே இருந்தது.

இச்சூழலிலேதான் ரெயின் ரன்னப் ரூயாவைத் தொடங்கினார். 1953இற் பிறந்த அவருக்கு அப்பொழுது பதினேழு, பதினெட்டு வயது. முறையாகச் சாஸ்திரிய பியானோ பயின்றவர். பாடகர் ஊர்மாஸ் அலெண்டரும் அதே ஆண்டிற் பிறந்தவர். ஆங்கிலேய முன்னோடிக் குழுக்களின் நீண்ட, பல பகுதிகளாலான இசையமைப்பு முறையை இவர்கள் தழுவினர் என்பது கேட்டவுடன் புலப்படும். தழுவல் என்ற அளவில் நின்றிருந்தால் ரூயாவைப் பற்றி இன்று கட்டுரை எழுதவேண்டிய தேவை இராது. அவர்கள் பாடிய சொற்கள் ஆங்கிலச் சொற்களல்ல, பலவேளைகளில் அவர்களுடையனவுமல்ல. அவை எஸ்தோனியக் கவிஞர்களின் சொற்கள்.

கொய்டுலாவின் 'எஸ்தோனிய மண்ணும் எஸ்தோனிய இதயமும்' என்ற கவிதைக்கு ரன்னப் மெட்டமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஏர்ன்ஸ்ற் என்னோவின் அமைதியான, ஏறத்தாழத் தியானத் தன்மை வாய்ந்த கவிதையொன்றையும் ரூயா பாடியது. சமகாலத்தவரான யூகான் வீடிங்கின் கவிதைகளும் அக்குழுவின் கைக்கு வந்தன. இத்தேர்வை எவ்வாறு விளக்குவது? அச்சில் வந்த கவிதை முன்னமே தணிக்கையைக் கடந்தது. ஆதலால் அதனைப் பாடுவது பாதுகாப்பானது என்பது வழமையாகக் கூறப்படும் விளக்கம். இதில் உண்மை உண்டு. அச்சேறிய கவிதையைத் தடை செய்ய முனையும் அதிகாரி, அதனை அச்சிட அனுமதித்த தன் சக அதிகாரியையே குற்றஞ் சாட்டவேண்டியவனாகிறான்.

எனினும் இவ்விளக்கம் முழுமையானதன்று என்பதே என் கருத்து. பாதுகாப்பு மாத்திரம் நோக்கமாயின் வீடிங்கை நாடியிருக்க வேண்டியதில்லை. எள்ளலும் இருபொருளும் நிறைந்த அவருடைய எழுத்து எந்த அதிகாரிக்கும் நிம்மதி தரத்தக்கதன்று. கொய்டுலாவின் நிலைமையோ வேறு. பாடநூலிற் சிறைப்பட்டு, மாணவர் மனனஞ் செய்து மறந்துவிடும் கவிஞராகிவிட்ட ஒருவரை மின்கிற்றாரின் முழக்கத்தோடு மேடையேற்றியமை, மரபுக்குத் தஞ்சம் புகுந்த செயலன்று. மரபை மீளக் கைப்பற்றிய செயல். தாத்தா பாட்டிமார் பாடல் விழாவிற் பாடிய கவிஞரையே பேரப்பிள்ளைகள் றொக் மேடையிற் கேட்டனர். சோவியத் கலாசாரக் கொள்கை பிரிக்க முயன்ற இரு தலைமுறைகளை இது ஒரே சொற்களின் கீழ்ச் சேர்த்தது.

குழுவின் வாழ்க்கை சீரானதன்று. இடைவெளிகளும் ஆள்மாற்றங்களும் மிகுதி. ரன்னப் விலகினார், மீண்டார், பின் மறுபடியும் விலகினார். குழு தோன்றிப் பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1982இல், அதன் முதலாவது நெடுந்தட்டை மெலோதியா வெளியிட்டது. அதுவரை மேடையும் வானொலியும் கைமாறிய ஒலிநாடாக்களுமே ரூயாவைப் பரப்பின.

இதற்கிடையில் 1980ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவமொன்று ரூயாவை நேரடியாகச் சார்ந்ததன்றாயினும் அதன் காலத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. ஒலிம்பிக் பாய்க்கப்பற் போட்டிகள் தாலினில் நடந்தேறிச் சில வாரங்களே கடந்திருந்தன. செப்டெம்பர் 22ஆந் திகதி காத்ரியோர்க் விளையாட்டரங்கில் வானொலி, தொலைக்காட்சி ஊழியர்க்கிடையே உதைபந்தாட்டப் போட்டி. அதையடுத்து 'புறொப்பெல்லர்' என்ற பங்க் குழுவின் இசைநிகழ்ச்சி. பேத்தர் வோல்கொன்ஸ்கி அதன் பாடகர். அலெண்டரும் அக்குழுவிற் பாடியவரே. அதிகாரிகள் நிகழ்ச்சியை இடைநடுவில் நிறுத்தினர். கூடியிருந்த இளைஞர் கொதித்தெழுந்து தெருவில் இறங்கினர். புறொப்பெல்லர் தடை செய்யப்பட்டது. ஒக்டோபர் தொடக்கத்தில் பாடசாலை மாணவரின் ஆர்ப்பாட்டங்கள் தொடர்ந்தன. பொலிசார் அவற்றைக் கடுமையாக அடக்கினர். ஒக்டோபர் 28ஆந் திகதி நாற்பது அறிவாளர் கையொப்பமிட்ட பகிரங்கக் கடிதமொன்று 'பிராவ்தா'வுக்கும் எஸ்தோனியாவின் இரு நாளேடுகளுக்கும் அனுப்பப்பட்டது. எப்பத்திரிகையும் அதனை வெளியிடவில்லை. இளைஞரின் கொதிப்பை வெறுங் காடைத்தனம் என ஒதுக்கற்க, அதன் அடியில் மொழியையும் எதிர்காலத்தையும் பற்றிய அச்சமுண்டு என்பதே அதன் சாரம். கையொப்பமிட்டோருள் ஒருவர் யூகான் வீடிங். இசைமேடைக்குக் கவிதை அளித்தவரே இசைமேடையின் முன் நின்றவர்களுக்காகவும் கையொப்பமிட்டார் என்பது மனங்கொளத்தக்கது.

எண்பதுகளில் ரூயாவின் பொறுப்புப் பெரிதும் கிற்றார் கலைஞர் யானுஸ் நொகிஸ்தோவின் கைக்கு மாறியது. பின்னர் இகோர் கார்ஷ்னெக் விசைக்கருவிகளை இசைத்தார். பழைய நீண்ட அமைப்புகள் குறுகின, தாளம் கடினமாயிற்று. 'கல் உருளுகிறது' என்ற நெடுந்தட்டு 1987இல் வந்தது. இக்காலப் பாடல்களை முற்காலத்தவற்றுக்கு ஒப்பாக நான் மதிப்பதற்கில்லை. சொற்களிலே செறிவு குறைந்து முழக்கம் கூடிவிட்டது. ஆயினும் அக்காலத்தில் வளர்ந்தோர் பலருக்கு இதுவே அவர்களின் ரூயா.

1988 மே மாதம் தார்த்து இசைவிழாவில் அலோ மத்தீசனின் ஐந்து நாட்டுப்பற்றுப் பாடல்கள் அரங்கேறின. அவையும் பழைய பாடல்களின் அடிகளை அடித்தளமாகக் கொண்டவை. ஜூன் மாதத்தில் தாலின் பாடல் விழாத் திடலில் மக்கள் இரவிரவாகப் பாடினர். தடை செய்யப்பட்ட நீல, கறுப்பு, வெள்ளைக் கொடி வெளிப்படையாகப் பறந்தது. இவற்றைக் கண்ட ஓவியர் ஹைன்ஸ் வால்க் எழுதிய கட்டுரையிலிருந்தே 'பாடும் புரட்சி' என்ற பெயர் நிலைத்தது. செப்டெம்பர் 11ஆந் திகதி அதே திடலில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர்.

அவ்வாண்டிலேயே ரூயா கலைந்தது. குழுக்கள் கலைவதற்கு உள்முரண்பாடு, களைப்பு, பணம் எனப் பல காரணங்கள் உண்டு, அவற்றைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் கவிதையின் மறைவில் நின்று குறிப்பாற் பாடவேண்டிய காலம் முடிந்து, எவரும் எதையும் நேராகவே பாடலாம் என்ற காலம் வந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது தற்செயல் மாத்திரமோ என்ற ஐயம் எழாமற் போகாது. மறைபொருளிற் பயின்ற கலைஞனுக்கு வெளிப்படையான திடல் பழக்கமில்லாத இடம்.

1989இல் அலெண்டர் சுவீடனுக்குச் சென்றார். 1991 ஓகஸ்ட் 20இல் எஸ்தோனியா மீண்டுஞ் சுதந்திரம் பெற்றது. கொய்டுலாவின் உருவம் புதிய நாணயத்தின் நூறு குறோன் தாளில் அச்சிடப்பட்டது. 2011இல் யூரோ வரும்வரை அது மக்கள் கையிற் புழங்கியது. தாலினிலிருந்து ஸ்டொக்ஹோம் நோக்கிப் புறப்பட்ட 'எஸ்தோனியா' என்ற பயணிகள் கப்பல் 1994 செப்டெம்பர் 28 அதிகாலையிற் போல்டிக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 989 பேருள் 852 பேர் மாண்டனர். அவர்களுள் ஊர்மாஸ் அலெண்டரும் ஒருவர். அவருக்கு அப்பொழுது நாற்பது வயது.