கொழும்பின் பழைய பள்ளிகளும் வெளிகளும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் வாலிபர், நாள்தோறும் கடந்து செல்லும் பழங் கட்டிடங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முதியோர் அவற்றை அறிவர், ஆயினும் சொல்வாரில்லை.

1835இல் புதுக்கடை ஹில் வீதியில் மார்ஷ் பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளி, மறுவருடம் கொழும்பு அக்கடமி என்னும் அரசினர் பள்ளியாயிற்று. பின்னர் அது சென் செபஸ்தியன் மேட்டை அடைந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்தம் இளவல் அருணாசலமும் அதன் மாணவரே. 1881இல் றோயல் கல்லூரி எனப் பெயர் பூண்டு, 1913இல் தேர்ஸ்டன் வீதிக்கும், 1923இல் றீட் அவெனியூவுக்கும் குடிபெயர்ந்தது. தேர்ஸ்டன் வீதியில் அது விட்டுச் சென்ற மாளிகை பல்கலைக்கழகக் கல்லூரிக்கு உரியதாயிற்று. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 தொட்டு வாதாடியவர் அருணாசலம். அவர் கற்ற கல்லூரி குடியிருந்த மனையே அக்கனவுக்கும் இடங்கொடுத்தது பொருத்தமன்றோ!

கொட்டாஞ்சேனையாருக்கு இன்னும் அண்மையானது முகத்துவாரத்துப் பரி. தோமாவின் கல்லூரியின் கதை. ஆங்கிலத் திருச்சபையின் முதல் கொழும்பு அத்தியட்சர் சப்மன் அதனை 1851இல் நிறுவினார். அருகே எழுந்த பேராலயம் 1854இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கடற்காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் துறைமுகம் வளர்ந்தது. நீராவிக் கப்பல்களுக்கென நிலக்கரி மலைபோற் குவிந்தது. கரித்தூசியால் மாணவர் சுகம் கெட்டது. 1918இல் கல்லூரி கல்கிசைக் கடற்கரைக்குப் போயிற்று. சுவர் இடிந்தமையாலன்று, காற்றுக் கெட்டமையாற் போயிற்று. பழங் கட்டிடங்களைக் காக்க வேண்டுமெனப் பேசுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். கூரையைக் காத்துச் சூழலைக் கைவிட்டால், எஞ்சுவது பள்ளியாகாது.

வெளியின் அருமையை உணர்ந்த தேசாதிபதி ஒருவரும் இருந்தார். சேர் ஹென்றி வார்ட் காலிமுகத்திடலின் நடைபாதையை 1859இல் முடித்து, கொழும்பு மாதரும் சிறுவரும் பயன்பெறப் பின்வருவோர் அதனைப் பேணுக எனக் கல்லில் பொறித்து வைத்தார். (அந்நிய ஆட்சியாளர் செய்தவற்றுள் நாம் நன்றி கூறத்தக்கவை சிலவே, இது அவற்றுள் ஒன்று.) அன்றைய திடல் இன்றையதிலும் அகன்றது. 1879இல் றோயலும் தோமாவும் அங்கேதான் முதன்முதல் கிரிக்கெட்டில் மோதின. வீரர்கள் பேரை வாவியைப் படகிற் கடந்து வந்தனர் என்பர். அவர்கள் ஆடிய நிலத்தில் இன்று பெரிய உல்லாச விடுதி நிற்கிறதென்றும் சொல்வர்.

நம் சிறுவரோ ஒழுங்கைகளிற் பந்தடிக்கின்றனர். முதியோரே, உங்கள் பள்ளியின் முற்றம் அன்று எதுவரை இருந்தது? எந்த மரத்தடியில் வகுப்பு நடந்தது? சங்க வாலிபர் ஒரு கொப்பியுடன் உங்கள் வாயிலுக்கு வருவர், தயைகூர்ந்து சொல்லுங்கள்.