எதிர்வினை நேர அளவீட்டின் வரலாறு: கிரீன்விச் முதல் இணையவழிச் சோதனை வரை

முன்னுரை

ஒளி தோன்றியதும் விசையை அழுத்துமாறு ஒருவரிடம் கூறி, இடைப்பட்ட நேரத்தை அளப்பது புலனுணர்வு ஆய்வின் அடிப்படை முறைகளுள் ஒன்று. அந்நேரத்தில் மனிதரின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்னும் வினா இம்முறையோடு உடன்பிறந்தது. பங்கேற்பாளர் தம் சொந்தக் கணினியிலேயே சோதனையில் ஈடுபடும் இக்காலத்தில் அவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. அதன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழை மனிதரிடம்

கிரீன்விச் வானியல் ஆய்வகத்தில், தொலைநோக்கியின் கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தைக் கண்ணால் கண்டும் கடிகார ஒலியைக் காதால் கேட்டும் நொடியின் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட்டனர். உதவியாளர் டேவிட் கின்னிபுரூக்கின் பதிவுகள் தம் பதிவுகளைவிட 0.8 நொடி பிந்துவதைக் கண்ட அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலின், 1796இல் அவரைப் பணியிலிருந்து நீக்கினார். பிற்காலத்தில் இந்நிகழ்வை அறிந்த ஃபிரீட்ரிச் பெசல், தேர்ந்த வானியலாளர்களின் பதிவுகளைத் தம் பதிவுகளோடு ஒப்பிட்டார். அவர்களிடையேயும் நிலையான வேறுபாடு இருந்தது. கின்னிபுரூக்கிடம் காணப்பட்டது கவனக்குறைவன்று. நோக்குவோர் அனைவரிடமும் உள்ள இயல்பே. இது 'தனியாள் சமன்பாடு' எனப்பட்டது.

கழித்தலும் சரிபார்ப்பும்

டச்சு உடலியலாளர் டாண்டர்ஸ் 1868இல் கழித்தல் முறையை வெளியிட்டார். எளிய செயலுக்கு ஆகும் நேரத்தைத் தெரிவுசெய்யும் செயலுக்கு ஆகும் நேரத்திலிருந்து கழித்தால், தெரிவுக்கு மட்டும் ஆகும் நேரம் கிட்டும் என்பது அவர் கருத்து. 1879இல் லைப்சிக்கில் வுண்ட் நிறுவிய ஆய்வகம், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஹிப் காலமானியைப் பயன்படுத்தியது. மின்னோட்டத்தின் வலிமைக்கேற்ப அதன் அளவு மாறியதால், அறிந்த நேரத்தில் விழும் சுத்தியலைக்கொண்டு அதனைச் சரிபார்த்தனர். கருவியை நம்புமுன் கருவியையே அளக்கவேண்டும் என்னும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

பங்கேற்பாளரின் கணினி

இணையவழிச் சோதனையில் அச்சுத்தியலுக்கு இடமில்லை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறையே மாற இயலும். விசைப்பலகையும் உலாவியும் மேலும் தாமதம் சேர்க்கின்றன. 2018இல் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபின், உலாவிகள் தம் கடிகார நுண்மையை வேண்டுமென்றே குறைத்தன.

ஆயினும் முறை பயனற்றுப் போகவில்லை. ஸ்ட்ரூப் விளைவு போன்ற செவ்வியல் முடிவுகள் இணையவழியிலும் கிடைத்ததை 2013இல் கிரம்ப் குழுவினர் காட்டினர். பிரிட்ஜஸ் குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஒப்பாய்வில், ஒரே கணினியில் முயற்சிக்கு முயற்சி ஏற்படும் ஏற்ற இறக்கம் சிறந்த மென்பொருள்களில் சில மில்லிநொடிகளே. ஆனால் நிலையான தாமதம் உலாவிக்கு உலாவி, இயங்குதளத்திற்கு இயங்குதளம் வேறுபட்டது.

இவ்வேறுபாடே முதன்மையானது. ஒரே நபரின் இரு நிலைகளை ஒப்பிடும்போது நிலையான தாமதம் கழித்தலில் நீங்கிவிடும். டாண்டர்ஸின் முறை இங்குத் துணைநிற்கிறது. ஒரு குழுவினரை மற்றொரு குழுவினரோடு ஒப்பிடும்போது அது நீங்காது. முதியோர் பழைய கணினிகளையே பயன்படுத்துவாராயின், கணினியின் தாமதம் முதுமையின் தாமதமாகத் தோற்றமளிக்கும்.

முடிவுரை

நோக்குவோர் அனைவரிடமும் உள்ள வேறுபாடு, கிரீன்விச்சில் ஒருவரின் குறையாகக் கருதப்பட்டது. இன்று பொறியின் தாமதம் மனிதரின் மந்தமாகக் கணக்கிடப்படும் வாய்ப்புள்ளது. ஆகவே இணையவழி ஆய்வுகள் ஒரே நபருக்குள்ளான ஒப்பீட்டை அடிப்படையாகக் கொள்வதும், குழு ஒப்பீடு தவிர்க்கவியலாதபோது கருவி விவரங்களைப் பதிவுசெய்வதும் இன்றியமையாதவை. கின்னிபுரூக் இழந்த பணி உணர்த்தும் பாடம் இதுவே.