மஞ்சள் கோடு சொல்லும் சேதி

பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சாலையோர மஞ்சள் கோடுகள் அத்துப்படி. ஒற்றைக் கோடு என்றால் குறிப்பிட்ட நேரங்களில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இரட்டைக் கோடு என்றால் எந்த நேரத்திலும் கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த "இவ்வளவுதான்" என்கிற நிலைக்கு வந்து சேர அந்த நாட்டுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன!

சாலையில் ஒரு கோடு போட இவ்வளவு காலமா என்று கேட்கலாம். கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டைப் பார்த்த உடனே ஓட்டுநருக்கு அர்த்தம் புரிய வேண்டும், புரியாதவரிடம் அபராதம் வாங்குவது நியாயமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். மஞ்சள் கோட்டின் வரலாறு உண்மையில் இந்தக் கேள்வியின் வரலாறுதான்.

கோடு வருவதற்கு முன்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் கார் என்பது பணக்காரர்களின் பொருள். 1903-ல் வந்த மோட்டார் கார் சட்டம் வண்டிக்குப் பதிவு எண் வேண்டும், மணிக்கு 20 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொன்னது. ஓடுகிற காரைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. நிற்கிற கார் அப்போது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

கார்கள் பெருகப் பெருக, குறுகலான தெருக்களில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க, நடுவில் பேருந்து நுழைய முடியாத நிலை வந்தது. அதற்குக் கண்டுபிடித்த ஒரு வழி வேடிக்கையானது. தெருவின் ஒரு பக்கத்தில் ஒரு நாள், மறு பக்கத்தில் மறு நாள் என்று முறை வைத்தார்கள். "இன்று இந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது" என்ற பலகைகள் கம்பங்களில் இருந்தன. பலகையைப் படித்தால்தான் விதி தெரியும். பலகை ஒரு லாரியின் பின்னால் மறைந்திருந்தால்? போலீஸ்காரர் வந்து சொன்னால்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோல் ரேஷன் 1950-ல் நீங்கியது. அதன் பிறகு கார்களின் எண்ணிக்கை வேகமாக ஏறியது. 1950-ல் பிரிட்டனில் ஏறக்குறைய 20 லட்சம் கார்கள் இருந்தன. 1960-ல் அது 50 லட்சத்தை நெருங்கியது. ஆனால் தெருக்களின் அகலம் மட்டும் குதிரை வண்டிக் காலத்து அகலம்தான்!

ஸ்லவ் நகரத்துச் சோதனை

லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் என்ற ஊரில் 1955-ல் ஒரு பெரிய சாலைப் பாதுகாப்புச் சோதனை தொடங்கியது. விபத்துகளைக் குறைக்க என்னென்ன செய்யலாம் என்பதை ஒரே ஊரில் இரண்டு ஆண்டுகள் செய்து பார்ப்பது அதன் நோக்கம். ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சிக்னல்கள், வழுக்காத சாலைப் பரப்பு என்று பலவற்றைச் சோதித்தார்கள். சாலையோர மஞ்சள் கோடும் அவற்றில் ஒன்று.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு நல்ல மாற்றம். பலகை ஒரு இடத்தில்தான் நிற்கும். கோடு, விதி இருக்கும் இடம் முழுவதும் கூடவே ஓடும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே பார்க்கலாம். வெள்ளை நிறம் சாலையின் நடுக்கோட்டுக்கு ஏற்கெனவே பயன்பட்டதால் ஓரத்துக்கு மஞ்சள் வசதியாக அமைந்தது. இது எல்லா நாட்டுக்கும் பொதுவானது அல்ல. அமெரிக்காவில் எதிரெதிராக வரும் வண்டிகளைப் பிரிக்கும் நடுக்கோடுதான் மஞ்சள். அங்கிருந்து பிரிட்டனுக்குப் போகிறவர் கொஞ்சம் குழம்பித்தான் போவார்.

காசும் அபராதமும்

கோடு போட்டு "நிறுத்தாதே" என்றால் போதுமா? எங்கே நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டுமே. வணிகவியல் பாடத்தில் படிப்பது போல, ஒரு பொருள் குறைவாக இருந்து அதன் விலை பூஜ்யமாக இருந்தால் முதலில் வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். சாலையோர இடமும் அப்படிப்பட்ட பொருள்தான். காலையில் எட்டு மணிக்கு வந்து நிறுத்தியவர் மாலை வரை எடுக்க மாட்டார்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரம் 1935-லேயே காசு போடும் பார்க்கிங் மீட்டரை வைத்துவிட்டது. பிரிட்டனுக்கு அது வந்தது 1958 ஜூலையில், லண்டனின் மேஃபேர் பகுதியில். ஒரு மணி நேரத்துக்கு 6 பென்ஸ். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக, மஞ்சள் கோடு ஒரு பக்கம் தடை சொன்னது, மீட்டர் மறு பக்கம் விலை சொன்னது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழு ஏற்பாடு.

மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. மீறுகிறவரைப் பிடிப்பது யார்? அதுவரை ஒவ்வொரு சின்ன மீறலுக்கும் போலீஸ்காரர் வழக்குப் போட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1960-ல் வந்த சட்டம் இதை மாற்றியது. டிராஃபிக் வார்டன் என்ற புதிய பணியாளர்கள் வந்தார்கள். கண்ணாடியில் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட்டால் நீதிமன்றம் போக வேண்டாம்.

டாக்டருக்கு விழுந்த டிக்கெட்

1960 செப்டம்பரில் லண்டன் தெருக்களில் வார்டன்கள் இறங்கினார்கள். முதல் நாளே 300-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள். அவற்றில் முதல் டிக்கெட் யாருக்கு விழுந்தது தெரியுமா? ஒரு டாக்டருக்கு! ஹோட்டல் ஒன்றில் மாரடைப்பால் விழுந்தவருக்குச் சிகிச்சை செய்ய அவசரமாக வந்து காரை நிறுத்தியிருந்தார். அபராதம் 2 பவுண்டு. விஷயம் வெளியே தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். கடைசியில் டிக்கெட் ரத்தானது.

வார்டன் செய்தது தவறா? விதிப்படி சரிதான். ஆனால் விதிக்கு விலக்கும் வேண்டும், "இது அநியாயம்" என்று முறையிட ஓர் இடமும் வேண்டும் என்பதை முதல் நாளே அந்த டிக்கெட் காட்டிவிட்டது. இந்த இரண்டும் முழுமையாக வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

புதிர் போட்ட கோடுகள்

1960களில் பிரிட்டன் தன் சாலைக் குறியீடுகள் அனைத்தையும் திருத்தியது. வோர்பாய்ஸ் குழு 1963-ல் அறிக்கை தந்தது. ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்ற இரு வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய புதிய பலகைகள் 1965 முதல் வந்தன. தூரத்திலிருந்தே படிக்க முடிகிற எழுத்து, எளிய படங்கள். உலகமே பாராட்டிய வேலை அது.

ஆனால் மஞ்சள் கோடுகள் மட்டும் எளிமையாக இல்லை. அன்றைய முறையில் கோடுகள் மூன்று வகை. விட்டு விட்டு வரும் கோடு, தொடர்ச்சியான ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு. வாரத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ, காலை 7 முதல் மாலை 7-க்குள் குறைந்தது எட்டு மணி நேரம் தடை இருந்தால் ஒற்றைக் கோடு. அதோடு அந்த நேரத்துக்கு வெளியிலும் கொஞ்சம் தடை இருந்தால் இரட்டைக் கோடு. மற்ற எல்லாவற்றுக்கும் விட்டு விட்டு வரும் கோடு.

படிக்கும்போதே தலை சுற்றுகிறதா? வண்டியை ஓட்டிக்கொண்டு இதையெல்லாம் யார் கணக்குப் போடுவது? இரட்டைக் கோடு என்றால் "அதிக நேரம்" என்று தெரியும், "எவ்வளவு நேரம்" என்று தெரியாது. அதற்கு மறுபடியும் பலகையைத் தேடிப் போக வேண்டும். பலகையின் குறையைப் போக்க வந்த கோடு, கடைசியில் பலகையையே நம்பி நின்றது!

1990களில் இந்த முறை எளிமையானது. விட்டு விட்டு வரும் கோடு மறைந்தது. இரட்டைக் கோடு என்றால் எப்போதும் கூடாது என்று ஒரே பொருள் வந்தது. 2003 ஜனவரி இறுதி முதல் இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் பலகை இருக்க வேண்டிய அவசியமும் நீங்கியது. கோடு ஒருவழியாகத் தானே பேசக் கற்றுக்கொண்டது.

இன்று கோட்டைப் படிப்பது எப்படி?

இன்றைய முறையில் ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை சில:

1. ஒற்றைக் கோட்டுக்கு நேரம் உண்டு. அது பக்கத்துப் பலகையில் இருக்கும். ஆனால் ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரக் கட்டுப்பாடு என்றால், அந்தப் பகுதிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் பலகை இருக்கும். உள்ளே தெருத் தெருவாக இருக்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

2. கோடு தடுப்பது வண்டியை நிறுத்தி வைப்பதை. ஆளை ஏற்றி இறக்கலாம். சாமான் ஏற்றி இறக்கவும் பொதுவாக அனுமதி உண்டு. நடைபாதையின் ஓரக்கல்லில் குறுக்காகச் சிறு மஞ்சள் கோடுகள் இருந்தால் அந்த அனுமதியும் குறையும். ஒன்று இருந்தால் பலகையில் சொன்ன நேரத்தில் சாமான் ஏற்றி இறக்கக் கூடாது. இரண்டு இருந்தால் எப்போதுமே கூடாது.

3. தடை சாலைக்கு மட்டும் அல்ல. பக்கத்தில் உள்ள நடைபாதைக்கும் சேர்த்துத்தான். "கோட்டின் மேல் நிற்கவில்லையே, நடைபாதையில்தானே ஏற்றி வைத்தேன்" என்ற வாதம் எடுபடாது.

4. பழமையான ஊர்களில் கோடு மெல்லியதாகவும் வெளிர் நிறத்திலும் இருக்கலாம். தெருவின் அழகு கெடக் கூடாது என்பதற்காக அப்படி. சட்டம் ஒன்றுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். கோடு சட்டம் அல்ல, சட்டத்தின் அறிவிப்பு. உள்ளாட்சி மன்றம் முதலில் ஒரு போக்குவரத்து ஆணையை முன்மொழிந்து, அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டுப் பிறகுதான் கோடு போட முடியும். ஆணை இல்லாமல் போட்ட கோடு வெறும் பெயிண்ட். ஆணை இருந்தும் கோடு சரியாக இல்லை என்றால் அபராதத்தை எதிர்த்து வாதாடலாம்.

ஆரஞ்சு அட்டை

விலக்கு என்ற பேச்சு வரும்போது ஆல்ஃப் மோரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அவருடைய தனிநபர் மசோதா 1970-ல் சட்டமானது. அதன்படி 1971-ல் ஆரஞ்சு அட்டை வந்தது. நடக்க முடியாதவருக்குக் கடை வாசலில் நிறுத்துவது சொகுசு அல்ல, வெளியே வருவதற்கே அதுதான் வழி. 2000-ல் அட்டை நீல நிறமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அட்டை உள்ளவர்கள், சாமான் ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோடுகளில் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். 2019-ல் இங்கிலாந்தில் கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் அட்டை விரிவானது.

எல்லாருக்கும் ஒரே கோடு என்பது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்பதற்கு இந்தச் சின்ன அட்டை நல்ல உதாரணம்.

அபராதப் பணம் யாருக்கு?

1991-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் பெரிய திருப்பம். தவறாக நிறுத்துவது குற்றம் என்பதிலிருந்து பெரும்பாலும் விலகி, உள்ளாட்சி மன்றங்களே வசூலிக்கும் சிவில் அபராதமாக மாறியது. லண்டனில் 1994-க்குள் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. முறையிடுவதற்குச் சுதந்திரமான நடுவர்கள் வந்தார்கள். 1960-ல் அந்த டாக்டருக்குப் பொதுமக்களின் கோபம் செய்ததை இப்போது ஒரு முறையான அமைப்பு செய்யத் தொடங்கியது.

ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. பணம் மன்றத்துக்கே போகிறது என்றால், கோடு போடுவது போக்குவரத்துக்காகவா, வருமானத்துக்காகவா?

இந்தக் கேள்வி 2013-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பார்னெட் மன்றம் குடியிருப்பவர்களின் பார்க்கிங் அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியிருந்தது. அங்கு வசிக்கும் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மற்றச் செலவுகளுக்குப் பணம் திரட்டும் நோக்கத்தில் பார்க்கிங் கட்டணத்தை உயர்த்த 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் வரி வசூலிக்கும் சட்டம் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். உபரி வந்தால் அதைப் பெரும்பாலும் போக்குவரத்து சார்ந்த பணிகளுக்கே செலவிட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

2015-ல் இன்னொரு மாற்றம். கேமராவில் படம் பிடித்துத் தபாலில் அபராதம் அனுப்பும் முறை இங்கிலாந்தில் கட்டுப்படுத்தப்பட்டது. பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம் போன்ற சில இடங்களுக்கு மட்டுமே இன்று அது பொருந்தும். மற்ற இடங்களில் ஓர் ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

முடிவாக...

ஸ்லவ் நகரத்துச் சோதனையிலிருந்து இன்று வரை பார்த்தால், கோடு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. புரியாத கோடு புரிகிற கோடாக, முறையிட முடியாத டிக்கெட் முறையிடக்கூடிய டிக்கெட்டாக, எல்லாருக்கும் ஒன்றான தடை முடியாதவர்களுக்கு இடம் விடும் தடையாக. இந்த மாற்றங்களில் பல, யாரோ ஒருவர் அபராதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதால் வந்தவை.

விதியை மதிக்க வேண்டும் என்று மக்களிடம் கேட்பது சரி. விதி மக்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று அரசிடம் கேட்பதும் அதே அளவுக்குச் சரி. நான்கு அங்குல அகலம் கூட இல்லாத ஒரு மஞ்சள் கோடு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.