துப்பாக்கியிலிருந்து கொட்டகைக்கு: ஊவாத் தோட்டங்களில் கால்நடைக் காவலின் வரலாறு

இலங்கைக் காடுகளில் சிறுத்தைக்கு மேலே வேறு வேட்டைவிலங்கு இல்லை. இந்தியாவில் புலிக்கும் செந்நாய்க் கூட்டத்துக்கும் அஞ்சி ஒதுங்கி வாழும் விலங்கு, இந்தத் தீவில் அந்த அச்சம் இல்லாமல் தாழ்நிலக் காட்டிலும் 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும் உலவுகிறது. அந்தச் சமவெளியின் விளிம்பிலிருந்து ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, ஹல்துமுல்ல என்று இறங்கும் சரிவுகளில்தான் ஊவாவின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் பல இருக்கின்றன. காட்டுத் துண்டுக்கும் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கும் இடையில் சில இடங்களில் ஒரே ஒரு தேயிலை மலைதான் தூரம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மலையகத் தமிழர். அவர்களில் மாடு, ஆடு, கோழி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது.

இந்தக் குடும்பங்கள் தம் உயிரினங்களை எப்படிக் காத்துவந்தன என்பதை இதுவரை வனவிலங்கு வரலாறும் எழுதவில்லை, தோட்டத் தொழிலாளர் வரலாறும் எழுதவில்லை. முதலாவது வேட்டைக்காரரைப் பேசியது. இரண்டாவது கூலியையும் குடியுரிமையையும் பேசியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஊவாத் தோட்டங்களில் கால்நடைக் காவலின் வடிவத்தைத் தீர்மானித்தது சிறுத்தையின் குணம் அல்ல. துப்பாக்கி யார் கையில், கொட்டகை நிற்கும் நிலம் யார் பெயரில் என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானித்தன.

துரைமாரின் காலம்

ஆங்கிலேயர் வருமுன் ஊவா மாடும் எருமையும் பெருகிய நாடு. பத்தனைப் புல்வெளிகளில் கிராமத்து மந்தைகள் மேய்ந்தன. 1818ஆம் ஆண்டு ஊவா - வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய படைகள் ஊர்களை எரித்ததோடு கால்நடைகளையும் கொன்று குவித்தன. மந்தைகளின் இழப்பு பின்னர் கோப்பிக்காக நடந்த காடழிப்புக்கு முந்தியது. சிறுத்தையால் மாடு போன கதைகளை மட்டும் எண்ணுபவர்கள் இந்தப் பேரிழப்பை மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் வந்த அதிகாரிகளின் துப்பாக்கிகள் வேறு கணக்கில் இயங்கின. பதுளையில் பணியாற்றிய மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நுவரெலியாவில் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து பசுக்களையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்து இறக்கினார். மலைநாட்டுச் சிறுத்தைகள் மாடுகளையும் நாய்களையும் தாக்கியது பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் சிறுத்தை ஒரு பகைவன். அதை எதிர்கொள்ளும் வழி வேட்டை.

எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூல் அதே காலத்து ஊர்மக்களின் வழியையும் பதிவுசெய்கிறது. நிலத்தில் அறைந்த கம்புகளால் கூண்டு கட்டி, உள்ளே ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்து, பலர் சேர்ந்து வளைத்த இளமரத்தை விசையாக்கி, மான்தோலில் முறுக்கிய கண்ணியை அதில் பொருத்துவார்கள் என்கிறார் அவர். மரத்தை வளைக்கப் பல ஆண்கள் தேவைப்பட்டனர் என்ற குறிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. துரையின் காவல் ஒற்றை மனிதனின் வேலை. ஊரின் காவல் அயலார் கூடிச் செய்தது.

லயத்துக்காரரின் மாடு

கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் கால்நடை வளர்ப்பில் ஊறியவர்கள். ஆனால் தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சுவரோடு சுவர் ஒட்டிய காம்பிராக்கள். 1869இல் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்த ஊவாவின் மடுல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஊவா 1886இல் தனி மாகாணமானது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் சிறுத்தை ஓடிப்போய்விடவில்லை. ஓடைக் கரைகளிலும், முகட்டில் விடப்பட்ட காட்டிலும், விறகுக்காக வளர்த்த யூக்கலிப்டஸ் தோப்புகளிலும் அது தங்கியது. இடுப்பளவு உயரத்தில் கவ்வாத்து செய்து வளர்க்கும் தேயிலைச் செடியின் அடிப்பகுதி பகலில் படுத்துக்கிடக்க அதற்கு நல்ல மறைவு. கொழுந்து எடுக்கப்போனவர்கள் குட்டிகளைக் கண்டு நிரையை விட்டு ஓடிவந்த சம்பவங்கள் இன்றும் நடக்கின்றன.

லயத்து மாடு மந்தை மாடு அல்ல. மேய்ச்சல் நிலம் கம்பனிக்குரியது. மாடு தேயிலைக்குள் புகுந்தால் தண்டம். அதனால் மலைநாட்டுப் பசு கட்டுத்தறியில் வாழ்ந்தது. வேலை முடிந்து பெண்கள் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார்கள். இந்த ஏற்பாட்டில் பெரும் உழைப்பு இருந்தது. கூடவே ஒரு பாதுகாப்பும் இருந்தது. தாழ்நிலத்தில் திறந்த பட்டியில் இரவு கழிக்கும் மாட்டோடு ஒப்பிட்டால், லயத்தருகே கொட்டகையில் நிற்கும் பசுவைச் சிறுத்தை தூக்குவது கடினம். ஆபத்து கன்றுக்கும், ஓடைப்பக்கம் மேயக் கட்டிய ஆட்டுக்கும், முன்திண்ணையான இஸ்தோப்பில் படுக்கும் நாய்க்கும்தான். கோழிக்கு வேறு எதிரிகள் உண்டு: மரநாய், கீரி, நரி, மீன்பிடிப் பூனை. மீன்பிடிப் பூனையின் உடலிலும் புள்ளிகள் இருப்பதால் அதைச் சிறுத்தைக்குட்டி என்று எண்ணி அடித்துவிடுவதும் உண்டு.

துப்பாக்கி? 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டம் உரிமம் பெற்றவருக்கே ஆயுதம் என்றது. பயிர்க்காவலுக்கென உரிமம் கேட்பவர் காட்டவேண்டிய காணி லயத்தாரிடம் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானோரிடம் நாடும் இல்லை. எனவே தோட்டத்தில் துப்பாக்கி துரையின் பங்களாவிலும், பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் காணிக்காரரிடமும் இருந்தது. லயத்திடம் இருந்தது ஒலி. ஒருவர் காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். நாய்கள் ஒரே குரலில் குரைக்கத் தொடங்கினால் முழு லயமும் எழும், தகரம் தட்டப்படும், பந்தமும் பின்னாளில் டோர்ச் லைட்டும் வெளியே வரும். நெருக்கடியான இந்தக் குடியிருப்பு தொழிலாளரை எவ்வளவு வதைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரவுக் காவலைப் பொறுத்தவரை அந்தப் பொதுச்சுவர் வேலைசெய்தது என்பதையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும். மாடசாமியும் முனியாண்டியும் எல்லையில் காவல் நின்றார்கள் என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதி. மாட்டுப் பொங்கலன்று கொட்டகைக்குத் தனிப் படையல் வைக்கும் வழக்கம் ஊவாவில் இன்னும் அழியவில்லை.

சட்டம் பக்கம் மாறியது

1891ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் யானை, எருமை, மான் முதலிய விலங்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிறுத்தை அதன் அக்கறையில் இல்லை. 1924இல் மட்டக்களப்புப் பக்கம் புனானையில் ஏறத்தாழ ஒரு டசின் பேரைக் கொன்ற சிறுத்தையை ஷெல்டன் அகார் சுட்டபோது அவர் வீரராகக் கொண்டாடப்பட்டார். அந்த விலங்கின் உடல் பதனிடப்பட்டுக் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. தீவின் வரலாற்றில் அத்தகைய ஆட்கொல்லி மிக அரிது என்பதாலேயே அந்தப் பெயர் நூறு ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 வரை தொடர்ந்த திருத்தங்களும் சிறுத்தையை முழுப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன. வனசீவராசிகள் திணைக்களம் 1949இல் உருவானது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இலங்கைச் சிறுத்தையை 2008இல் அழியும் ஆபத்திலுள்ள விலங்காகவும், 2020இல் அதற்கு ஒரு படி குறைந்த ஆபத்து நிலையிலும் வகைப்படுத்தியது. வளர்ந்த விலங்குகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே என்பதே அதன் கணிப்பு.

இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் துரையிடமிருந்து துப்பாக்கியை எடுத்த சட்டம், லயத்துக்காரரின் கையில் அதற்கு மாற்றாக ஒன்றையும் வைக்கவில்லை. யானைச் சேதம் நாடாளுமன்றம்வரை பேசப்படுகிறது. ஒரு குடும்பத்தின் ஒரே கன்று போனது தோட்டத்துக் கணக்கில்கூட ஏறுவதில்லை.

1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. விளைச்சல் குறைந்த மலைகள் கைவிடப்பட்டன; தேயிலை மரமாக வளர்ந்து காடு பற்றியது. அங்கே காட்டுப்பன்றி பெருகியது. பன்றியிடமிருந்து மரக்கறித் தோட்டத்தைக் காக்க பிரேக் வயரில் சுருக்குக் கட்டும் பழக்கம் பரவியது. சுருக்கு பன்றிக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் சிக்கிச் சில நாட்களில் இறந்தது. அது மத்திய மாகாணத்தில் நடந்தது. ஊவாவின் சுருக்கும் அதே கம்பிதான். இரவில் அவிழ்ந்து போகும் வளர்ப்பு நாயும் அதே சுருக்கில் மாட்டுகிறது.

நாய் என்னும் சிக்கல்

காலனிய அரசு நாயை நோயாகவே பார்த்தது. 1893இல் விசர்நாய்க்கடிச் சட்டம், 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம், பிறகு நீண்டகாலம் தெருநாய்க் கொலை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது: 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தனர். தடுப்பூசி அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளுக்கு இறக்கியது. 2006இல் அரசு நாய்க் கொலையைக் கைவிட்டுக் கருத்தடையை நோக்கித் திரும்பியது. லயத்துக்காரருக்கோ நாய் காவல், குழந்தைகளின் தோழன், வேலைக்குப் போகையில் மலைவரை கூடவே வருபவன்.

சிறுத்தைக்கு அதே நாய் இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, காடே இல்லாத வயல்வெளியில் வாழ்ந்த சிறுத்தைகளின் உணவு எடையில் 39 விழுக்காடு நாய் என்று கண்டது. வளர்ப்பு விலங்குகள் அனைத்தும் சேர்ந்து 87 விழுக்காடு. ஊவாவில் மரையும் கேளையாடும் முள்ளம்பன்றியும் மிச்சமிருப்பதால் அதே விழுக்காட்டை இங்கே பொருத்த முடியாது. ஆயினும் படிப்பினை பொருந்தும். லயத்துக் கடைசியில் கொட்டும் இறைச்சிக் கழிவும் சோற்று மிச்சமும் உரிமையாளரற்ற நாய்களைச் சேர்க்கின்றன. அந்த நாய்கள் சிறுத்தையை லயத்துக்கு வரப் பழக்குகின்றன. வந்த சிறுத்தை இஸ்தோப்பில் சங்கிலியில் கிடக்கும் வீட்டு நாயைக் கண்டால் விடாது. அந்த நாயால் ஓடவும் முடியாது. காவலுக்கென்று வெளியே கட்டும் நாயே முதலில் போகிறது.

நாய் போனதும் எழும் முதல் கோரிக்கை கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பது. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் காலடித் தடம் கண்டவர்கள் வேறென்ன கேட்பார்கள்? 2024 ஜனவரியில் நீலகிரியின் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் அனுப்பப்பட்ட குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது. ஊவாவில் உறவினரை விட்டுச் சென்றவர்களும் அங்கே உண்டு. செய்தி இங்கேயும் வந்து சேர்ந்தது. ஆனால் பிடித்து வேறிடத்தில் விடுவதன் விளைவை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரம் காட்டியிருக்கிறது. அங்கே 1993 முதல் 2001 வரை மனிதர் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4. பெருமளவில் பிடித்துச் சுற்றுக்காடுகளில் விடத் தொடங்கிய பின் 2003 வரையான காலத்தில் சராசரி 17. காலியான எல்லைக்குள் வேறு சிறுத்தை வருகிறது. அறியாத இடத்தில் இறக்கிவிட்டது மனிதரோடு மோதுகிறது.

கொட்டகைக்கான நிலம்

ஆக எஞ்சுவது கொட்டகை. மலைநாட்டுக் கொட்டகையின் அரைச்சுவருக்கும் கூரைக்கும் இடையிலான வெளி காற்றுக்காக விடப்படுவது. சிறுத்தை உள்ளே பாய்வதும் அந்த வழியேதான். அந்த இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்து, கன்றைத் தாய்க்கும் உட்சுவருக்கும் இடையில் கட்டி, ஆடுகளைக் கதவுள்ள அறையில் பூட்டி, நாயை இரவில் உள்ளே எடுத்தால் சிக்கலின் பெரும்பகுதி தீரும். அடைபட்ட பட்டிக்குள் ஒருமுறை நுழைந்துவிட்ட சிறுத்தை தின்னும் அளவுக்கு மேல் கொல்வதால் அரைகுறை அடைப்பு ஆபத்தைக் கூட்டும். யால வனத்தின் எல்லைக் கிராமங்களில் கன்றுகளுக்கு இரும்புப் பட்டிகள் வழங்கும் திட்டம் நடந்திருக்கிறது. சுற்றுலாவுக்குச் சிறுத்தை வருமானம் தரும் இடமாதலால் அங்கே பணம் கிடைத்தது. நமுனுகுலை, மடுல்சீமை, கொஸ்லந்தைப் பக்கச் சிறுத்தையைப் பார்க்க ஜீப்பில் யாரும் வருவதில்லை.

பாலுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். புத்தல அருகே பெல்வத்தையில் பால் தொழிற்சாலை இயங்குகிறது. மில்கோவும் பால் சேகரிக்கிறது. நாட்கூலி வாழ்வில் அந்தப் பால் காசு பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. பால் வாங்குபவர், தோட்டம் நடத்துபவர், வனசீவராசிகள் திணைக்களம் மூவரும் ஒரு சுருள் கம்பிவலையின் செலவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

பெரிய தடை பணமல்ல, இடம். லயம் உடைந்து தனிவீடு வருவது காலங்கடந்து வந்த நீதி. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு; இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, மலசலகூடம். திட்டத்தில் மாட்டுக்கொட்டகை இல்லை. 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 177 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக மிஞ்சுவதில் பசுவைக் கட்டினால் சாணமும் மூத்திரமும் அடுத்த வீட்டு வாசலில். பழைய பொதுச்சுவரும் இல்லை, புதிய இடமும் இல்லை. அதனால் மாடு காட்டோரத்துப் பழைய கொட்டகையிலேயே, ஆளரவம் இல்லாத இரவில் தனியாக நிற்கிறது. புதிய வீட்டுத் தொகுதி ஒவ்வொன்றிலும் எட்டு, பத்துக் குடும்பங்களுக்குச் சேர்த்து, குடியிருப்புக்குப் பார்வைபடும் தூரத்தில் ஒரு பொதுக் கொட்டகைக்கான காணியைக் கம்பனி விடுவிக்க வேண்டும். அந்தக் காணி குடும்பங்களின் கூட்டுப்பெயரில் எழுதப்பட வேண்டும். அடுத்த வீட்டுத் திட்டத்தின் வரைபடம் வெளிவருமுன் மாகாண சபையும் தொழிற்சங்கங்களும் வலியுறுத்த வேண்டிய கோரிக்கை இது.