தச்சு வேலையில் ஒரு இரும்புப் பாலம்

இங்கிலாந்துல ஷ்ராப்ஷையர். செவர்ன் நதியில படகுப் போக்குவரத்து ஏராளம், கரைகளோ செங்குத்து. அதனால ஒரே வளைவுல 30 மீட்டர் தாண்டணும். கட்டடக் கலைஞர் தாமஸ் பிரிட்சார்ட் வரைஞ்சு கொடுத்தது வார்ப்பிரும்புப் பாலம். அவ்வளவு பெரிய பாலத்தை அதுல அதுவரைக்கும் யாரும் கட்டினதில்லை. வேலை தொடங்கின கையோட, 1777 டிசம்பர்ல அவர் இறந்துட்டார். மொத்தப் பொறுப்பும் உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி மூன்றாம் ஆபிரகாம் டார்பி தலையில விழுந்தது.

சரி, இரும்புத் துண்டுகளை எப்படி இணைக்கிறது? முன்மாதிரி இல்ல. தெரிஞ்சது தச்சு வேலை மட்டும்தான். கதவு நிலை செய்யற மாதிரியே துளைக்குள்ள முனையைச் செருகி, ஆப்பு அடிச்சு இறுக்கினாங்க! இப்படிச் சுமார் 1,700 துண்டுகள், 378 டன். 1779-ல வளைவு எழுந்தது; 1781 புத்தாண்டு அன்னைக்குப் பாலம் திறந்தது.

மதிப்பீடு 3,200 பவுண்டு. ஆன செலவு கிட்டத்தட்ட 6,000. கூடுதல் சுமை டார்பிக்கு. 1789-ல, நாற்பதைத் தொடாமலே அவர் இறந்தப்பவும் கடன் தீரல. சுங்கப் பலகையில, அரச குடும்பமே வந்தாலும் காசு கட்டணும்னு எழுதியிருக்கும்.

1795 பெருவெள்ளத்துல செவர்ன் மேல இருந்த பல பாலங்கள் சேதமாச்சு. இது அசையல. 1934-ல வண்டிகளை நிறுத்திட்டாங்க; நடந்து இன்னைக்கும் போகலாம்.