சிஸ்க் குடும்பத்தார் எழுப்பிய சுவர்கள்



விழா மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் ஆயரின் ஆசியுரை இருக்கும். பங்கில் பணியாற்றிய குருக்களின் வரிசை இருக்கும். நன்கொடையாளர் பட்டியலும் தவறாமல் இருக்கும். கோவிலைக் கட்டிய கைகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இராது. நம் பழைய கணக்கேட்டை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு இத்தனை வண்டி, செங்கல் இத்தனை ஆயிரம், கொத்தனார் கூலி இவ்வளவு என்று வரி வரியாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொத்தனார் யார் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறை மனத்தில் கிடந்தபடியால், கட்டியவரின் பெயர் நிலைத்துவிட்ட ஒரு நாட்டுக்கு உங்களை இன்று அழைத்துப் போகிறேன். நாடு அயர்லாந்து. பெயர் சிஸ்க்.

அயர்லாந்தின் தென்பகுதியில் கார்க் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அது நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. 1775இல் நானோ நேகிள் அம்மையார் பிரசன்டேஷன் கன்னியர் சபைக்கு வித்திட்டது அந்நகரில்தான். அச்சபையின் ஐரிஷ் கன்னியர் 1842இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து பள்ளிகளைத் திறந்தனர்.

அதே கார்க் நகரில் 1859ஆம் ஆண்டு ஜான் சிஸ்க் என்பவர் கட்டடத் தொழிலைத் தொடங்கினார். அது எத்தகைய காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் அந்நாட்டை வாட்டியது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி வெளிநாடு சென்றனர். சுற்றியிருந்தோர் ஊரைக் காலி செய்து கொண்டிருந்தபோது, இவர் சுவர் எழுப்பும் தொழிலில் இறங்கினார்! துணிச்சல்தான். ஆனால் கணக்குத் தெரியாத துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. கத்தோலிக்கர் மீது சுமத்தப்பட்டிருந்த தடைச் சட்டங்கள் 1829இல்தான் பெருமளவு நீங்கின. அதற்கு முந்திய தலைமுறைகளில் மலைப்பாறையைப் பீடமாக வைத்து மறைவாகப் பூசை கண்ட மக்கள், இப்போது வெளிப்படையாகக் கோவில்களையும் மடங்களையும் பள்ளிகளையும் கட்டத் தொடங்கியிருந்தனர். கட்டடக்காரருக்கு வேலை இருந்தது.

‘ஜான் சிஸ்க் அண்ட் சன்’ என்பது நிறுவனத்தின் பெயர். ஜான் சிஸ்கும் மகனும் என்று பொருள். மகனுக்குப் பின் பேரன், அவருக்குப் பின் அவர் மக்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் அந்தக் குடும்பத்தார் கையிலேயே இருந்து வந்திருக்கிறது. 2009இல் 150 ஆண்டு நிறைந்தது. தகப்பன் வைத்த மளிகைக்கடையை மகன் மூடிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

இவர்களின் வேலைகளில் என் உள்ளத்தைத் தொட்டது மிகப் பெரியது அன்று, ஒரு சிற்றாலயம். கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியை ஒட்டியிருக்கும் ஹோனன் சிற்றாலயம் அது. ஹோனன் குடும்பத்தார் வெண்ணெய் வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர்கள். அக்குடும்பத்தின் கடைசி வாரிசான இசபெல்லா ஹோனன் அம்மையார் 1913இல் இறந்தபோது விட்டுச்சென்ற பணத்தில், கத்தோலிக்க மாணவர்களுக்கென இவ்வாலயம் எழுந்தது. அம்மையாரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த சர் ஜான் ஓ’கானல் என்ற டப்ளின் வழக்கறிஞருக்கு ஒரு பிடிவாதம். எங்கோ அச்சில் வார்த்து விலைக்கு வரும் சுரூபமும் அலங்காரமும் இந்த ஆலயத்துக்கு வேண்டாம். கூடிய மட்டும் நம் நாட்டுக் கைவினைஞர்களே செய்யட்டும் என்றார். மக்மல்லன் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் தந்தார். சிஸ்க் நிறுவனத்தார் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் சுவரை எழுப்பினர். 1915இல் தொடங்கி 1916 நவம்பரில் அர்ச்சிப்பு நடந்தது. முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம். டப்ளினிலோ அவ்வாண்டு உயிர்ப்புத் திருவிழா வாரத்தில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்திருந்தது. அந்த நெருக்கடியிலும் வேலை நின்றுவிடவில்லை.

ஆலயத்தின் 19 வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் 11ஐச் செய்தவர் ஹாரி கிளார்க். வேலை தொடங்கியபோது அவருக்கு வயது 26. பின்னாளில் அவர் உலகப் புகழ் பெற்றார். அவருடைய சன்னல் ஒன்றில் புனித கோப்நெய்த் நிற்கிறார்; தேனீக்களின் பாதுகாவலி என்று அந்நாட்டார் வணங்கும் புனிதை. அந்தச் சன்னலைக் காணப் பல நாட்டவர் இன்றும் வருகின்றனர். சன்னலைத் தாங்கும் சுவரைக் காண யார் வருவார்? ஆயினும் சுவர் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் கண்ணாடி என்னவாகியிருக்கும் என்று கட்டட வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, கார்க் நகர மன்றக் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். அதன் கதையில் கண்ணீர் கலந்திருக்கிறது. 1920இல் அந்நகரின் மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி ஆங்கிலேயரால் சிறைப்பட்டு, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 25ஆம் நாள் உயிர் நீத்தார். (1929இல் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் அவ்வாறே உயிர் நீத்தபோது நம் நாட்டவர் மக்ஸ்வினியை நினைவுகூர்ந்தனர்.) மேயரின் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது பழைய நகர மன்றத்தில். இரண்டு மாதம் முடியவில்லை. டிசம்பர் 11 இரவு, ஆங்கில அரசின் துணைப்படையினர் நகருக்குத் தீ வைத்தனர். 40க்கு மேற்பட்ட வணிக நிலையங்களும், ஏறத்தாழ 300 வீடுகளும், நூலகமும், நகர மன்றமும் சாம்பலாயின.

அந்தச் சாம்பல் மேட்டின் மேல் புதிய நகர மன்றத்தைக் கட்டும் பொறுப்பு சிஸ்க் நிறுவனத்துக்கு வந்தது. ஜோன்ஸ், கெல்லி என்ற இருவர் வரைந்தனர். 1936 செப்டம்பரில் டி வலேரா அதைத் திறந்து வைத்தார். எரிந்த ஊரை அந்த ஊர்க்காரரே மீண்டும் கட்டினார்கள் என்பதை நினைக்கும்போது, கூலிக்குச் செய்த வேலை என்று மட்டும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

1930களில் நிறுவனம் டப்ளினுக்கும் விரிந்தது. 1938 முதல் 1942 வரை கவான் நகரில் புனித பத்ரீசியார், புனித ஃபெலிம் பேராலயத்தைக் கட்டினர். அதன் கோபுரத்தின் உயரம் 230 அடி. வரைபடம் தந்தவர்கள் பர்ன் அண்ட் சன் நிறுவனத்தார். அங்கும் ஒரு தகப்பனும் மகனும்! இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே பேராலயம் முடிந்தது. அபிஷேகம் 1947இல்தான் நடந்தது.

பிற்காலத்து வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பேராயர் குரோக் பெயரால் விளங்கும் டப்ளின் குரோக் பார்க் விளையாட்டரங்கைப் புதுப்பித்த பணியில் இவர்களுக்குப் பங்குண்டு. 2010இல் திறந்த லிமெரிக் சுரங்கச் சாலை ஷானன் ஆற்றின் அடியில் செல்கிறது. அதைக் கட்டிய கூட்டமைப்பிலும் இவர்கள் இருந்தனர். அதே ஆண்டு திறந்த அவீவா விளையாட்டரங்கம் ஏறத்தாழ 51,700 பேர் அமரக் கூடியது. அதில் ஒரு விசேஷம்: மூன்று புறமும் ஓங்கி நிற்கும் அரங்கம் வடபுறத்தில் மட்டும் தாழ்ந்து குனிகிறது. பின்னால் இருக்கும் சிறு வீடுகளுக்கு வெயில் மறைக்கக் கூடாதென்று அவ்வாறு அமைத்தார்கள்.

இனி கால்வே நகரத்துப் பேராலயம். இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு.

ஆயர் மைக்கேல் பிரவுன் 1937இல் கால்வே மறைமாவட்டப் பொறுப்பேற்றார். நகரின் பழைய சிறைச்சாலை இருந்த நிலம் 1941இல் மறைமாவட்டத்துக்குக் கிடைத்தது. சிறையை இடித்துவிட்டு அங்கே பேராலயம் எழுப்ப ஆயர் தீர்மானித்தார். 1958இல் சிஸ்க் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. சுவர் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். தரை கானமாராப் பச்சைப் பளிங்கு. நடுவில் 145 அடி உயரக் குவிமாடம். அதன் நேர் கீழே பீடம், நாற்புறமும் மக்கள். 1965 ஆகஸ்ட் 15, விண்ணேற்பு அன்னையின் திருநாளில், பாஸ்டன் நகரத்துக் கர்தினால் குஷிங் அதை அர்ச்சித்தார்.

எல்லாரும் மகிழ்ந்தார்களா என்றால், இல்லை. 1950களில் அயர்லாந்தை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்றவர் 4 லட்சத்துக்கும் மேல். கிராமங்கள் வெறிச்சோடும்போது இவ்வளவு பெரிய குவிமாடம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மைக்கேல் என்ற பெயரை ஐரிஷ் மொழியில் ‘மீஹால்’ என்பார்கள். ஊர்க் குறும்பர்கள் பேராலயத்துக்கு ‘தாஜ் மீஹால்’ என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். நம் நாட்டுத் தாஜ்மகால் எத்தனை தூரம் போயிருக்கிறது பாருங்கள்! நானும் குருவானவன், கோவில் பக்கம் சாய்வது என் இயல்பு. ஆயினும் அந்தக் கேள்வி தவறென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பேராலயத்தின் கல்லுக்கும் பளிங்குக்கும் காசு கொடுத்தவர்களில் எத்தனையோ பேர், பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டு வந்து உண்டியலில் போட்டவர்கள் என்பதை அவ்வாயரும் அறிந்தேயிருப்பார்.

அந்த நிலத்துக்கு இன்னொரு கணக்கும் பாக்கியிருந்தது. 1882இல் மாம்ட்ராஸ்னா என்ற மலைக்கிராமத்தில் ஒரு குடும்பத்தில் ஐவர் கொல்லப்பட்டனர். மைல்ஸ் ஜாய்ஸ் என்ற குடியானவரும் பிடிபட்டார். அவருக்குத் தெரிந்தது ஐரிஷ் மொழி ஒன்றே. வழக்கு நடந்ததோ டப்ளினில், ஆங்கிலத்தில். தம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதே விளங்காமல் அவர் கூண்டில் நின்றார். அவரோடு தண்டனை பெற்ற மற்ற இருவரும் அவர் குற்றமற்றவர் என்று சொல்லிப் பார்த்தனர், பயனில்லை. டிசம்பர் 15ஆம் நாள் கால்வே சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். தூக்கு மேடையிலும் தாம் நிரபராதி என்று தம் தாய்மொழியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். உடலைச் சிறை வளாகத்திலேயே புதைத்தனர்.

136 ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரலில், அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் அவருக்கு மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். அவர் புதைக்கப்பட்ட இடம், பேராலயத்துக்கு வருவோர் வண்டிகளை நிறுத்தும் முற்றத்தின் அடியில் எங்கோ இருக்கிறது என்று அவ்வூரார் சொல்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் உள்ளே நுழைகிறார்கள்.